முகிலின் வித்தைக் கண்ட ஜான் எயிட்கன்

கடல்நீர் ஆவியாகி வானத்தெழுந்து, முகிலாய்த் திரண்டு, மழையாய்ப் பொழிகின்றது என்பது தமிழ்ச் சிறாரும் அறிந்த செய்தி. கடலை முகந்து சூற்கொண்டெழும் கொண்டலைப் பாடாத புலவரும் நம்மிடை இலர். ஆயினும், கண்ணுக்குத் தோன்றாத நீராவி கண்ணாற் காணும் முகிலாக மாறுவது எங்ஙனம் என்னும் வினாவிற்கு 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரையில் தெளிவான விடை கிடைத்திலது. காற்றுக் குளிர்ந்தால் ஆவி தானே துளியாகிவிடும் என்று கற்றோரும் கருதி வந்தனர். குளிர்ச்சி ஒன்று மட்டும் போதாது. ஒவ்வொரு துளியும் பற்றிக்கொள்ளுதற்கு ஒரு துகள் வேண்டும். துகள் இல்லையேல் முகிலும் இல்லை என்று உலகறியக் காட்டியவர் ஸ்காட்லாந்து நாட்டவரான ஜான் எயிட்கன். கடலானது முகிலுக்கு நீரை மட்டுமன்றி அதன் வித்தையும் வழங்குகின்றது என்று எண்ணிய முன்னோடிகளுள்ளும் அவர் ஒருவர். அப்பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி வரையப் புகுகின்றோம்.

எயிட்கன் 1839-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 18-ஆம் நாள் பால்கர்க் என்னும் ஊரிற் பிறந்தார். எடின்பரோவிற்கும் கிளாஸ்கோவிற்கும் இடையே அமைந்த அவ்வூர் இரும்பு வார்ப்புத் தொழிலாற் பேர்பெற்றது, உலைப்புகைக்குக் குறைவில்லாதது. அவர்தம் தந்தையார் ஹென்றி எயிட்கன் அவ்வூரில் மதிப்புற்று விளங்கிய வழக்கறிஞர். ஊர்ப் பள்ளியிற் பயின்றபின் ஜான் கிளாஸ்கோ சர்வகலாசாலையை அடைந்தார். பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப் புகழ்பெற்ற வில்லியம் தாம்ஸன் அக்காலத்தில் ஆங்குப் பௌதிக ஆசிரியராய் இருந்தார். கருவிகளைத் தாமே ஆக்கி, அவற்றால் இயற்கையை அளந்தறியும் வழி அங்கே தழைத்திருந்தது.

இளைஞர் எயிட்கன் விரும்பிய தொழில் கப்பற் பொறியியல். கிளாஸ்கோ நகரத்து நேப்பியர் கப்பல் கட்டும் தொழிற்சாலையில் அவர் தொழில் பயின்றார். நீராவிக் கப்பல்கள் உலகெங்கும் பெருகிய அந்நாளில் அதனினும் வளமான துறை வேறில்லை. ஆனால் அவர் உடல்நலம் குன்றிற்று. தொழிற்சாலையின் கடும் உழைப்பிற்கு உடல் இடந்தரவில்லை. பல ஆண்டு முயன்று கற்ற தொழிலை, அதன் பயனைக் காணுமுன்னரே, அவர் கைவிட நேர்ந்தது.

இத்தகைய நிலையிற் பலர் மனமுடைந்து ஓய்ந்திருப்பர். எயிட்கன் பால்கர்க்கிற்குத் திரும்பி, தம் இல்லத்திலேயே ஒரு பட்டறையும் ஆராய்ச்சிச் சாலையும் அமைத்துக்கொண்டார். பொருளுக்குக் குறைவில்லாமையால் ஊதியம் நாடி உழைக்கும் கட்டாயம் அவர்க்கில்லை. எந்தக் கலாசாலையிலும் அவர் ஆசிரியப் பதவி ஏற்றிலர், மணமும் செய்துகொண்டிலர். கப்பற் பட்டறையிற் பயின்ற கைத்திறன் வீண்போகவில்லை. அவர் பயன்படுத்திய கருவிகளுட் பல அவர்தம் கையாலேயே உருப்பெற்றவை. 1875-ஆம் ஆண்டில் எடின்பரோ ராயல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. பின்னர் அவர் எழுதிய பெருங்கட்டுரைகளிற் பெரும்பாலான அச்சங்கத்தின் ஏடுகளிலேயே வெளிவந்தன.

1880-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அச்சங்கத்தின்முன் அவர் விளக்கிய சோதனை மிக எளியது. பெரிய கண்ணாடிக் கலங்கள் இரண்டை எடுத்தார். ஒன்றில் அறையின் வழக்கமான காற்று இருந்தது. மற்றொன்றில், அடர்ந்த பஞ்சினூடே செலுத்தித் தூசியெல்லாம் நீக்கிய காற்று இருந்தது. இரண்டினுள்ளும் நீராவியைப் புகுத்தினார். முதற்கலத்தில் உடனே வெண்பனி போன்ற மூட்டம் செறிந்தது. இரண்டாங்கலத்திலோ ஒரு சிறு மங்கலும் தோன்றவில்லை; அதனுள் ஆவி புகுந்தது என்பதற்குக் கண்ணாற் காணும் அடையாளமே இல்லை. ஆவி இரண்டிலும் ஒன்றே, குளிர்ச்சியும் ஒன்றே, வேறுபாடு தூசி ஒன்றே. ஆகவே, ஆவி துளியாவதற்குப் பற்றுக்கோடாவது தூசியே என்று அவர் முடிவு கட்டினார்.

இதே உண்மையைப் பாரிஸ் நகரத்துக் கூலியே என்னும் அறிஞர் 1875-ஆம் ஆண்டிலேயே கண்டிருந்தார். எயிட்கன் அதனை அறியாமலே தம் வழியில் அங்குச் சேர்ந்தார். பின்னர் அறிந்தபோது, முற்பட்டவர் கூலியே என்பதை ஏற்றுக்கொண்டார். ஆயினும் அவ்வுண்மையை ஒரு வித்தெனக் கொண்டு, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அதனை வளர்த்தவர் எயிட்கனே.

தூசியில்லா உலகம் எங்ஙனம் இருக்கும் என்று அவர் சிந்தித்தார். அங்கு மூடுபனி இராது, முகில் இராது, நாம் காணும் மழையும் இராது. காற்றில் மிகுந்த ஆவி, மரங்களின்மேலும் வீடுகளின்மேலும் மாந்தர் உடைகளின்மேலும் நேரே படிந்து நீராய் ஒழுகும். குடை பிடித்தும் பயனில்லை. நாம் மாசெனத் துடைத்தெறியும் தூசியே மண்ணுலகிற்கு மழை தருகின்றது என்பது கேட்டார்க்கு வியப்பை விளைத்தது. அதனோடு மற்றோர் உண்மையையும் அவர் கண்டார். துகள்கள் மிகப் பலவாயின், உள்ள ஆவி பலவாகப் பங்கிடப்பட்டு நுண்துளிகளாகி, நெடுநேரம் மிதக்கும் அடர்ந்த மூட்டமாகின்றது. துகள்கள் சிலவாயின், ஒவ்வொன்றும் மிகுந்த நீரைப் பெற்றுப் பெருந்துளியாகி விரைவில் வீழ்கின்றது. முகிலின் இயல்பு அதனுள் உள்ள நீரின் அளவை மட்டுமன்றித் துகள்களின் எண்ணிக்கையையும் சார்ந்தது என்னும் இக்கருத்து இன்றைய வானியல்பு ஆராய்ச்சியிலும் நின்று நிலவுகின்றது.

இனி, அத்துகள்கள் எவை? எங்கிருந்து வருவன? எயிட்கன் பல பொருள்களைச் சுட்டும் எரித்தும் பார்த்தார். அவற்றுள் இரண்டு மற்றெல்லாவற்றினும் மிகுதியாக மூட்டத்தை உண்டாக்கின. ஒன்று, நாம் அன்றாடம் உண்ணும் உப்பு. அதனைத் தீயிற் காய்ச்சிய காற்றில் ஆவி செறிந்து திரண்டது. மற்றொன்று கந்தகம்; அதனை எரித்த புகையில் மூட்டம் அளவின்றிப் பெருகியது. உப்பு நீரை ஈர்க்கும் தன்மையது. ஆதலின் ஆவி முற்றும் நிறைவதற்கு முன்னரே உப்புத் துகளின்மேல் நீர் படியத் தொடங்குகின்றது என்று அவர் விளக்கினார். இங்கேதான் அவர்தம் எண்ணம் கடலை நோக்கிச் சென்றது. அலை மோதிச் சிதறும் திவலைகள் காற்றில் உலர்ந்து நுண்ணிய உப்புத் தூளாகின்றன. முகிலை விளைக்கும் பொருளின் பெருநிலைக்களங்களுள் அத்தூளும் ஒன்றாதல் கூடும் என்று அவர் அக்கட்டுரையிலேயே எழுதினார். உப்பைக் கடலோடு சேர்த்து எண்ணிய அவர், கந்தகத்தை நிலக்கரிப் புகையோடு சேர்த்து எண்ணினார். அக்கந்தகமும் கடலிலிருந்து எழுதல் கூடும் என்பது அவர் காலத்தில் எவர்க்கும் தெரியாது. அதனைப் பின்னர்க் கூறுவாம்.

துகள் உண்டு என்று காட்டியதோடு அவர் அமையவில்லை. அவற்றை எண்ண விரும்பினார். அத்துகள்களிற் பெரும்பாலான ஒரு மில்லிமீட்டரைப் பதினாயிரம் கூறிட்டதில் ஒரு கூறினும் சிறியவை, பூதக்கண்ணாடிக்கும் புலப்படாதவை. காணமுடியாததை எண்ணுவது எப்படி? அவர் கண்ட உபாயம் இது. தூசி நீக்கிய ஈரக்காற்று நிறைந்த ஒரு சிறு கலத்தினுள், சோதிக்க வேண்டிய காற்றைக் குறித்த சிற்றளவாகப் புகுத்துவர். பிறகு பம்பினால் அக்காற்றைச் சட்டென விரியச் செய்வர். விரிந்த காற்றுக் குளிரும். ஒவ்வொரு துகளும் நீரைப் போர்த்துத் துளியாகி, கீழே உள்ள மெருகிட்ட சிறு தகட்டின்மேல் வீழும். அத்தகட்டில் மில்லிமீட்டர் சதுரங்கள் கோடிடப்பட்டிருக்கும். ஒரு சதுரத்தில் வீழ்ந்த துளிகளைக் கண்ணாடி கொண்டு எண்ணி, கணக்கிட்டுப் பெருக்கினால், காற்றிலுள்ள துகள்களின் தொகை பெறப்படும். துகளைக் காணவியலாது; துகள் கட்டிய துளியைக் காணலாம். இக்கருவியை 1888-ஆம் ஆண்டளவில் அவர் முடித்தார். பின்னர்ச் சட்டைப்பையில் அடங்கும் சிறு வடிவிலும் அதனை ஆக்கினார்.

அவர் முதன்முதலிற் கண்ட எண்கள் படிப்போரைத் திகைக்கச் செய்வன. ஒரு கன சென்டிமீட்டர் காற்றில், அஃதாவது ஒரு சிறு பகடைக்காய் அளவுள்ள காற்றில், மழை பெய்யும் வேளையில் வெளியே ஏறத்தாழ 32,000 துகள்கள் இருந்தன. மழையில்லா நாளில் 1,30,000 இருந்தன. அறையினுள்ளோ 18 லட்சத்திற்கு மேல் இருந்தன. தூய்மையானது என்று நாம் கருதும் காற்றின் ஒவ்வொரு மூச்சிலும் இத்தனை பொருள் கலந்துளது என்பதை எண்களால் மெய்ப்பித்தவர் அவரே.

கையில் அக்கருவியோடு அவர் பல நாடுகளையும் சுற்றினார். லண்டன், பாரிஸ் ஆகிய மாநகரங்களின் காற்றையும், பிரான்சு நாட்டின் தென்கடற்கரையையும், சுவிட்சர்லாந்து தேசத்து ரிகி மலையுச்சியையும், தம் நாட்டில் 1,345 மீட்டர் உயர்ந்து நிற்கும் பென் நெவிஸ் மலையுச்சியையும் அளந்தார். மாநகரங்களில் எண்ணிக்கை லட்சத்தைக் கடந்தது. ஸ்காட்லாந்தின் மேல்கரையிலுள்ள கிங்கர்லாக் என்னும் ஒதுங்கிய இடத்திலோ, அத்லாந்திக் பெருங்கடலிலிருந்து காற்று வீசும் வேளைகளில் அது சில நூறாகக் குறைந்தது. ஊர்களின்மேல் வந்த காற்று மாசுடையது. பெருங்கடலின்மேல் நெடுந்தூரம் வந்த காற்றுத் தூயது. அத்தூய காற்றிலும் துகள் அறவே இல்லாமற் போகவில்லை. மாந்தர் புகை கலவாத உலகத்து வானம் எத்தன்மையது என்பதற்கு அச்சில நூறே முதற் சான்றாயின.

கடற்கரையில் மற்றொரு புதுமையும் அவர் கண்ணிற்பட்டது. நல்ல வெயில் எறிக்கும் நாள்களில், புகைக்கு இடமில்லாத கரையிலும், துகள்களின் தொகை திடீரெனப் பெருகக் கண்டார். சில வாயுக்கள் கதிரவன் ஒளி பட்டுத் துகள்களாக மாறுகின்றன என்று அவர் துணிந்தார். ஆராய்ச்சிச் சாலையிலும் வாயுக்களை வெயிலில் வைத்து அதனைச் சோதித்தார். கதிரவன் மூடுபனியைக் கலைப்பவன் மட்டுமல்லன், அதனை விளைப்பவனும் ஆவான் என்னும் கருத்தமைய 1912-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வரைந்தார். துகள்கள் மண்ணிலிருந்து எழுவன மட்டும் அல்ல. காற்றிலேயே வாயுவினின்றும் புதிதாகப் பிறப்பனவும் உண்டு என்னும் இன்றைய கொள்கைக்கு இதுவே தோற்றுவாய் எனலாம்.

அவர் கொள்கைக்கு ஒரு திருத்தமும் நேர்ந்தது. ஸ்காட்லாந்தினரே ஆகிய சி. டி. ஆர். வில்ஸன் என்னும் இளைஞர் 1894-ஆம் ஆண்டு செப்டம்பரில் பென் நெவிஸ் வானிலை நிலையத்தில் இரு வாரம் தங்கி, முகில்களின்மேல் ஒளி காட்டும் கோலங்களைக் கண்டு மயங்கி, அவற்றைக் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சிச் சாலையில் உண்டாக்க முயன்றார். தூசி முற்றும் நீங்கிய காற்றிலும், ஆவியை அதன் நிறைவினும் பன்மடங்கு மிகுவித்தால், மின்னூட்டம் பெற்ற அணுக்களின்மேல் துளிகள் தோன்றும் என்று அவர் கண்டார். ஆனால் வானத்தில் ஆவி அவ்வளவு மிகுவதில்லை. ஆங்குத் துகள்கள் முந்திக்கொள்கின்றன. ஆதலின் இயற்கை முகிலைப் பொறுத்தவரை எயிட்கன் கூற்றே நிலைபெற்றது. வில்ஸன் கண்ட முறையோ அணுவின் உட்கூறுகள் செல்லும் வழியைக் காட்டும் கருவியாகி, 1927-ஆம் ஆண்டில் அவர்க்கு நோபெல் பரிசைத் தேடித் தந்தது. தூசியறிய எழுந்த முயற்சி அணுவறியும் முயற்சிக்கும் துணையாயிற்று.

எயிட்கன் ஆராய்ந்தவை இவை மட்டும் அல்ல. புல்நுனியில் விடியற்காலையில் நிற்கும் நீர்த்துளி பெரும்பாலும் வானத்தினின்று இறங்கிய பனியன்று. புல் தானே வேரால் உறிஞ்சி வெளிவிட்ட நீர் என்று 1885-ஆம் ஆண்டளவிற் காட்டினார். மத்தியதரைக் கடல் நீலமாய்த் தோன்றுவதன் காரணத்தையும், சூறைக்காற்றின் சுழற்சியையும், வெப்பமானியைப் பிழையின்றி வைக்கும் முறையையும் ஆராய்ந்தார். எதனை எடுப்பினும் அவர் முறை ஒன்றே. பிறர் புறக்கணித்த சிறுபொருளை எடுத்துக்கொள்வார், எளிய கருவி ஒன்றை ஆக்குவார், மறுப்பதற்கிடமின்றி அளப்பார்.

லண்டன் ராயல் சங்கம் 1889-ஆம் ஆண்டில் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. 1917-ஆம் ஆண்டில் முகிற்றுகள் ஆராய்ச்சியின் பொருட்டு ராயல் பதக்கம் வழங்கிற்று. இரண்டாண்டு கழித்து, 1919-ஆம் ஆண்டு நவம்பரில், பிறந்த ஊராகிய பால்கர்க்கிலேயே, எண்பது வயது நிரம்பியவராய் அவர் காலமானார். உடல் நலிவால் இளமையில் தொழிலிழந்தவர் இத்துணை ஆண்டு வாழ்ந்து, இறுதிக் காலம்வரை ஆராய்ச்சியை விடாதிருந்தமை போற்றற்குரியது. அவர்தம் கட்டுரைகளின் தொகுதி 1923-ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. மிகச் சிறிய துகள்களின் வகை ஒன்று இன்றும் அவர் பெயராலேயே எயிட்கன் துகள் என வழங்குகின்றது.

அவர் மறைந்தபின் அவர் விட்ட இழைகளைப் பிறர் பற்றி நீட்டினர். கடலின் உப்புத் தூள் எங்ஙனம் எழுகின்றது என்பதை 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்களான உட்காக், பிளான்சார்ட் முதலியோர் தெளிவுபடுத்தினர். அலை உடையுங்கால் நீரினுள் காற்றுப் புகுந்து எண்ணிறந்த குமிழிகளாகின்றது. குமிழி மேலெழுந்து உடையும்போது அதன் மெல்லிய படலம் சிதறி நுண்துளிகளாகின்றது. பின்னர் அதன் குழியினின்றும் சிறு நீர்த்தாரை எழுந்து சில பெருந்துளிகளை எறிகின்றது. நாம் கடற்கரையில் நின்று காணும் வெண்ணுரையே அவ்வுப்பின் உலைக்களம்.

கந்தகத்தின் செய்தி அதனினும் வியப்புடையது. கடலின் மேற்பரப்பில் வாழும் கண்ணுக்கெட்டாத நுண்பாசிகள் ஆக்கும் ஒரு பொருளினின்றும் டைமெத்தில் சல்பைடு என்னும் கந்தக வாயு பிறந்து காற்றிற் கலக்கின்றது. அது கடல்நீரிற் பரவியுளது என்பதை லவ்லாக் என்பாரும் அவர் துணைவரும் 1972-ஆம் ஆண்டில் அளந்து வெளியிட்டனர். அவ்வாயு காற்றிற் பல மாறுதலடைந்து கந்தகத் திராவகமாகித் துகள்களைத் தோற்றுவிக்கின்றது. இப்பாசிகள் முகிலைப் பெருக்கி, அம்முகிலின் நிழலால் கடலைக் குளிர்வித்து, உலகின் வெப்பத்தையே நெறிப்படுத்துகின்றனவோ என்று 1987-ஆம் ஆண்டில் நால்வர் ஒரு கருத்தை வெளியிட்டனர். பின்வந்த ஆராய்ச்சிகள் அத்துணை எளிய ஒழுங்கை உறுதிப்படுத்தவில்லை. எனினும் பாசியினின்றும் வாயுவும், வாயுவினின்றும் துகளும், துகளினின்றும் முகிலும் ஆகும் என்பதில் ஐயமில்லை. எயிட்கன் தீயிலிட்டுப் பார்த்த உப்பு, கந்தகம் என்னும் இரண்டையும் கடல் தானே வானுக்கு அனுப்பி வந்தது என்பது இங்ஙனம் வெளியாயிற்று.

வெயிலிற் கரையோரத்தில் துகள் பெருகிய மருமத்திற்கும் ஒரு விளக்கம் கிடைத்தது. அயர்லாந்தின் மேல்கரையில் மேஸ் ஹெட் என்னும் முனையில் 1958-ஆம் ஆண்டு முதல் ஓர் ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகின்றது. நீர் வற்றும் வேளையில் வெளிப்படும் கடற்பாசிகளினின்றும் எழும் அயோடின் ஆவிகள் கதிரொளியால் மாறித் துகள்களாகின்றன என்று அங்குப் பயின்ற அறிஞர்கள் 2002-ஆம் ஆண்டில் காட்டினர்.

இவ்வாராய்ச்சியால் உலகிற்கு ஆவது யாது என்று வினவுவார்க்கு விடை கூறுதல் நம் கடன். நிலக்கரியும் எண்ணெயும் எரிதலால் எழும் புகைத்துகள்கள் முகில்களின் துளியைப் பெருக்கி, அவற்றை வெண்மையாக்கி, கதிரவன் ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. அதனால், கரியமில வாயுவால் விளையும் வெப்பத்தில் ஒரு பகுதி மறைக்கப்படுகின்றது. மறைக்கப்பட்ட பகுதி எவ்வளவு என்று அறிந்தாலன்றி, வருங்கால வெப்பத்தைச் சரியாகக் கணித்தல் இயலாது. அதனை அறிவதற்கோ, புகையே இல்லாத காலத்து வானில் கடல் எத்தனை துகள்களை நிரப்பியிருந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும். கடன் எவ்வளவு என்று கணக்கிடுவோன் முதலில் கைம்முதல் எவ்வளவு என்று அறிய வேண்டும் அன்றோ? கிங்கர்லாக்கில் எயிட்கன் எண்ணிய சில நூறு அக்கைம்முதற் கணக்கின் முதல் வரி.

இதற்குக் கடலிலேயே ஒரு சான்று உண்டு. கப்பல்களின் புகை கடல்மேலுள்ள தாழ்ந்த முகில்களில் நெடிய வெண்கோடுகளை இழைப்பது விண்கலங்கள் எடுத்த படங்களிற் புலனாகின்றது. 2020-ஆம் ஆண்டு சனவரி முதல், கப்பல் எண்ணெயிற் கந்தகத்தின் அளவு நூற்றுக்கு மூன்றரையினின்றும் அரைப் பங்காகக் குறைக்கப்படல் வேண்டும் என்னும் உலக விதி நடைமுறைக்கு வந்தது. அதன்பின் அக்கோடுகள் அருகின. மாந்தர் நலம் கருதிப் புகையைக் குறைத்தல் நன்றே. ஆனால் புகை மறைத்திருந்த வெப்பம் அதனால் வெளிப்படுதலும் உண்டு. இரண்டையும் அறிந்தே நாம் செயற்பட வேண்டியவராய் உள்ளோம்.

கப்பல் கட்டப் பயின்று, உடல் நலிவால் அத்தொழிலை விட்டவர் எயிட்கன். அவர் கட்டாத கப்பல்களின் புகை முகிலில் எழுதிய கோட்டைப் படித்தறிவதற்கு, அவர் வீட்டுப் பட்டறையிற் கண்ட உண்மையே இன்று துணையாகின்றது. பதவியும் மாணாக்கர் கூட்டமும் இன்றி, ஒரு சிற்றூரில் அமர்ந்து, ஒரு சிறு தகட்டின்மேல் வீழ்ந்த துளிகளைப் பொறுமையோடு எண்ணியவர் அவர். எண்ணும் பணி முடிந்திலது. இன்றும் கடலோர நிலையங்களிலும் ஆராய்ச்சிக் கப்பல்களிலும் அது நடைபெற்றுக்கொண்டே உளது. விஞ்ஞானம் பயிலும் நம் மாணவ நண்பருள்ளும் ஒருவர் அவ்வரிசையிற் சேர்வாராயின், அதுவே அப்பெரியார்க்கு நாம் செய்யும் தக்க நன்றியாகும்.